சிவப்பில் எழுதிய பெயர்

ஸ்ரீபெரும்புதூர்
11.2.2024

பிரபா அக்காவுக்கு,

வணக்கம். சாப்பிட்டீங்களா? முழங்கால் வலி குறைஞ்சதா? இங்கே எல்லாரும் சாப்பிட்டோம், சுகம்.

போன் பண்ணலாமே என்று நினைப்பீங்க. போனில் உங்கள் தமிழ் ரயில் மாதிரி ஓடுது. எனக்கு முகத்தைப் பார்த்தால்தான் பேச்சு புரியும். போன வாரம் இரண்டு பேரும் ஹலோ சொல்லிவிட்டு அழுதோம், ஒரு விஷயமும் பேசலை. கடிதம் என்றால் மெதுவாகப் படிக்கலாம். என் பெண் யூனா ஒன்றாம் வகுப்பில் தமிழ் படிச்சபோது பக்கத்தில் உட்கார்ந்து நானும் படிச்சேன் இல்லையா, அந்தத் தமிழ்தான் இது. தப்பு இருந்தால் சிரிங்க. மருமகளிடம் மட்டும் காட்டாதீங்க.

நீங்க தீபாவளிக்கு ஊருக்குப் போனீங்க, அதோடு நம் கெஸ்ட் ஹவுஸ் சமையலறையில் சத்தம் நின்றுபோச்சு. புது ஆள் நல்லவள்தான். ஆனால் முள்ளங்கி கிம்ச்சி ஊறுகாயில் சர்க்கரை போடறாள். கேட்டால், "இன்னாமா, காரம் தாங்கலை"ன்றாள். கொரியாவிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்து தங்கியிருக்கிற பையன்கள் உங்களைத்தான் கேட்கிறாங்க.

விஷயத்துக்கு வர்றேன். யூனாவுக்கு முப்பத்தொன்று முடியப் போகுது. சென்னையில் எங்கள் கொரியா சர்ச்சில் ஆராதனை முடிந்து சாப்பிட உட்கார்ந்தால் அம்மாக்கள் எல்லாரும் போனை எடுத்து போட்டோ காட்டுவாங்க. என் பையன், உன் பெண், அவங்க தங்கச்சி மகன். ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கிற எங்களுக்கு வேறே தரகர் ஏது? அப்படி ஒரு இடம் வந்திருக்கு. பையன் பெயர் ஜுன்ஹோ, சியோலில் கப்பல் கம்பெனி ஆபீசில் வேலை. ஒரே பையன். யூனாவிடம் கேட்டால், "பார்க்கலாம்" என்கிறாள். சரியா, வேண்டாமா, எனக்குத் தெரியலை. உங்களிடம் சொல்வாள். கேட்டு எழுதுங்க அக்கா.

உங்கள்
கிம் உன்சுக்


உ
முருகன் துணை

திருத்தணி
20.2.2024

கிம்மம்மாவுக்குப் பிரபாவதி எழுதிக்கொண்டது. நானும் பிள்ளைகளும் மலைமேல் இருப்பவன் தயவில் சௌக்கியம். முழங்கால் மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை.

நீங்கள் என்னை அக்கா என்பதையும் நான் உங்களை அம்மா என்பதையும் பார்த்து என் மகன் உதயா, "உங்க ரெண்டு பேர்ல யாருமா பெரியவங்க?" என்று கிண்டல் செய்கிறான். வயதில் மூத்தவளைப் பெயர் சொல்லக்கூடாது என்பது உங்கள் ஊர் வழக்கம். சம்பளம் கொடுத்தவரை அம்மா என்பது எங்கள் வழக்கம். இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன்.

போன மாதம் இங்கே கிம்ச்சி போட்டேன். மூடியைத் திறந்த அன்று தெருவே மூக்கைப் பிடித்தது. மருமகள் யுவஸ்ரீ மாசமாக இருக்கிறாள் அல்லவா, அவள் மட்டும் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு முடித்துவிட்டாள். எனக்கு யூனா ஞாபகம் வந்துவிட்டது. ரசம் சோற்றைப் பிசைந்து, மேலே கிம்ச்சியை வைத்து, வாயைத் திறந்துகொண்டு என் பின்னால் மாடிவரை வருவாளே! மாடியில் மிளகாய் காய வைத்த நாட்களில் நம் மூன்று பேர் தும்மலும் பக்கத்து வீதிவரை கேட்குமே. அந்த மாடி இப்போதும் என் கனவில் வருகிறது அம்மா.

நீங்கள் கடிதம் போட்ட கையோடு அவளே வந்தாள். சென்னையிலிருந்து மின்சார ரயிலில் வந்து இறங்கி, உச்சி வெயிலில் வாசலில் வந்து நின்று, "பெரிம்மா, ரசம் கீதா?" என்கிறாள். சோறு போட்டுவிட்டுக் கேட்டேன்.

"போட்டோ பாத்தியாடி?"

"ஆங், பாத்தேன்."

"புடிச்சிருக்கா?"

"நல்லாத்தான் இருக்காரு."

"அப்புறம் இன்னா?"

"ஒண்ணுமில்ல பெரிம்மா. ரசம் ஊத்து."

வெட்கம் என்று நினைத்தேன். சாயங்காலம் இருவரும் பஸ்ஸில் மலைக்குப் போனோம். தரிசனம் முடிந்தும் கீழே இறங்க மனசில்லாமல் ஊரையும் ஏரியையும் பார்த்துக்கொண்டே நின்றாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆகவே தைரியமாகப் பேசுங்கள்.

ஆனாலும் எதற்கு இவ்வளவு அவசரம்? உங்கள் வீட்டுக்காரர் பார்க் ஐயாவைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே. அவர் எப்படி இருக்கிறார்?

பிரபாவதி


ஸ்ரீபெரும்புதூர்
30.3.2024

பிரபா அக்காவுக்கு,

வணக்கம். வெயில் வந்தாச்சு. தண்ணீர் நிறையக் குடிங்க. யுவஸ்ரீக்கு என் அன்பு.

நல்ல செய்தி. ஜுன்ஹோவும் அவன் அம்மாவும் ஏப்ரல் 21 ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கு வர்றாங்க. சியோலில் ஒரு பாட்டி இரண்டு பேர் பிறந்த வருஷம், மாசம், நாள், நேரம் வைத்துப் பொருத்தம் பார்த்துவிட்டாங்க. உங்கள் ஜாதகம் மாதிரிதான். ஒருத்தர் தண்ணீர், ஒருத்தர் மரம், நன்றாக வளரும் என்று சொன்னாங்களாம். சர்ச்சில் இதைச் சொல்ல வெட்கம். உங்களிடம் சொல்றேன்.

யூனா புது உடுப்பு வாங்கிட்டாள். நான் வாங்கச் சொன்னேன், வாங்கிட்டாள்.

அக்கா, அன்றைக்கு நீங்க வரணும். உங்கள் கை இல்லாமல் என் வீட்டில் ஒரு விசேஷம் நடந்ததில்லை.

உன்சுக்


உ
முருகன் துணை

திருத்தணி
12.4.2024

கிம்மம்மாவுக்குப் பிரபாவதி வணக்கம் சொல்லி எழுதியது. உங்கள் கடிதத்தைப் படித்துச் சந்தோஷத்தில் இரண்டு நாள் கால் வலியே தெரியவில்லை.

ஆனால் நான் வர முடியாது. யுவஸ்ரீக்கு இன்றோ நாளையோ என்று இருக்கிறது. அவளுக்குத் தாய் வீட்டில் ஆளில்லை. என் பெண்ணைப் பார்க்க வருகிறார்கள், நான் இங்கே வெந்நீர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நினைத்தால் ஆறவில்லை.

ஞாயிறு காலை உதயா ஸ்ரீபெரும்புதூருக்கு வேனில் காய்கறி ஏற்றிக்கொண்டு வருகிறான். அவனிடம் கொஞ்சம் வடாமும் விபூதிப் பிரசாதமும் கொடுத்தனுப்புகிறேன். கூட ஒரு மஞ்சள் தாள் இருக்கும். எங்கள் அம்மா வீட்டு வழக்கம் இது. பெண் பார்க்க வருகிற அன்று, பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் குங்குமத்தைக் குழைத்து எழுதி, சாமி பாதத்தில் வைத்து வாங்கி, வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி கூடத்தில் வைப்போம். எனக்கும் அப்படித்தான் வைத்தார்கள். உங்கள் எழுத்திலேயே எழுத வேண்டும் என்று யூனா பெயரை உங்கள் கொரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். அவள் சின்ன வயசில் என் மாவு டப்பா மேலெல்லாம் எழுதி வைப்பாளே, பார்த்துப் பார்த்து வந்துவிட்டது. பிள்ளை பெயரை உதயா போனில் தேடிக் காட்டினான், அதைப் பார்த்து எழுதினேன்.

கூடத்தில் தேநீர் வைக்கிற மேஜைமேல் வையுங்கள். மற்றதை முருகன் பார்த்துக்கொள்வான்.

ஐயாவைப் பற்றி இந்த முறையும் எழுதவில்லை.

பிரபாவதி


24.4.2024

பிரபா அக்காவுக்கு,

உங்கள் தாளை அவங்க பார்த்தாங்க.

எங்கள் ஊரில் செத்தவங்க பெயரைத்தான் சிவப்பில் எழுதுவாங்க. உயிரோடு இருக்கிறவன் பெயரைச் சிவப்பில் எழுதினால் அவன் சாகணும் என்று அர்த்தம். ஜுன்ஹோ அம்மா அதைக் கையில் எடுத்தாங்க. முகம் வெளுத்துப்போச்சு. "எனக்கு ஒரே பையன்" என்றாங்க. தேநீர் அப்படியே இருக்கு, எழுந்து போயிட்டாங்க. சர்ச் முழுக்கத் தெரிஞ்சுபோச்சு. இனி எந்த அம்மா எனக்குப் போட்டோ காட்டுவாங்க?

உங்களுக்குத் தெரியும் அக்கா. ஒருமுறை காலண்டரில் கேஸ் சிலிண்டர் வந்த தேதிக்குப் பக்கத்தில் என் பெயரைச் சிவப்புப் பேனாவில் எழுதினீங்க. நான் எப்படிக் கத்தினேன்! பேனாவைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிஞ்சேன். இருபத்தைந்து வருஷம் என் சமையலறையில் இருந்த ஆள் இதை எப்படி மறப்பீங்க?

உன்சுக்


உ
முருகன் துணை

திருத்தணி
2.5.2024

கிம்மம்மாவுக்குப் பிரபாவதி கும்பிட்டு எழுதியது.

மறந்துவிட்டேன் அம்மா. ஐயோ, மறந்தே போய்விட்டேன். அந்தப் பேனா பின்பக்கம் முருங்கை மரத்தடியில் போய் விழுந்தது வரைக்கும் இப்போது ஞாபகம் வருகிறது. எழுதும்போது வரவில்லையே! குங்குமத்தைக் குழைக்கும்போது எனக்கு என் கல்யாணம்தான் கண்ணில் நின்றது. எங்களுக்குச் சிவப்பு என்றால் நெற்றி, வகிடு, கூறைப்புடவை. கெட்டது அந்தப் பக்கமே வராது என்று வளர்ந்தவள் நான். என் பெண்ணுக்கு நல்லது செய்கிறேன் என்று நானே கெடுத்தேன். இந்தக் கையை என்ன செய்வது?

யுவஸ்ரீக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. இரண்டு உயிரும் நலம். வீடெல்லாம் சிரிப்பு, எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை.

நன்றாகத் திட்டி ஒரு கடிதம் போடுங்கள். பதில் போடாமல் மட்டும் இருக்காதீர்கள்.

பிரபாவதி


சென்னை
9.6.2024

பெரிம்மா,

எப்படி இருக்கே? பாப்பா உன் ஜாடையாமே, உதயா அண்ணன் சொன்னார். பாவம் பாப்பா!

அம்மா உனக்கு இன்னும் பதில் போடவில்லை என்று அண்ணன் சொன்னார். உனக்கு ஒன்று சொல்லணும். நேரில் வந்தால் உன் முகத்தைப் பார்த்து அழுதுவிடுவேன், அதனால் எழுதறேன்.

அண்ணன் அந்த மஞ்சள் தாளைக் கொடுத்ததும் அம்மா பிரித்துப் பார்த்தாங்க. திட்டவே இல்லை. "அக்கா மறந்துட்டாங்க, பாவம். அவங்க வந்துட்டுப் போன பிறகு எடுத்து வைக்கலாம்" என்று சொல்லி, கூடத்து மேஜை டிராயரில் வைத்துவிட்டாங்க. வெளியே எடுத்து வைத்தது நான்தான். வாசலில் கார் சத்தம் கேட்டது. அம்மா உள்ளே பேரிக்காய் நறுக்கிக்கொண்டு இருந்தாங்க. எடுத்தேன், தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவில் வைத்தேன்.

உனக்குத் தெரியும், எங்கள் வீட்டில் பெரியவங்க உட்கார்ந்து பேசினால் "வேண்டாம்" என்ற வார்த்தை கிடையாது. "பார்க்கலாம்" வரைக்கும்தான் என்னால் சொல்ல முடியும். ஜுன்ஹோ நல்லவர்தான். வருகிறதுக்கு முன்னால் ஒருநாள் போனில், "உங்க சொந்த ஊர் எது?" என்று கேட்டார். ஸ்ரீபெரும்புதூர் என்றேன். சிரித்தார். நான் ஜோக் சொல்லவில்லை பெரிம்மா. ஐந்து வயசில் வந்தேன். கொரியாவில் நான் விருந்தாளி. அங்கே போய் காலம் முழுக்க விருந்தாளியாக எப்படி இருப்பேன்? அன்றைக்கு மலைமேல் நின்று உன்னிடம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். நீ சந்தோஷமாக என் கல்யாணத்துக்கு வேண்டிக்கொண்டு இருந்தே. சொல்ல முடியலை.

அம்மாவின் அவசரத்துக்குக் காரணம் அப்பா. சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போச்சு. மருத்துவத்துக்குக் கொரியாவுக்கே போய்விடப் போறாங்க, சித்தப்பா வீட்டுக்குப் பக்கத்தில். அதுக்கு முன்னால் என்னையும் அங்கே கட்டிக்கொடுத்துக் கூட்டிக்கொண்டு போகணும் என்று அம்மாவுக்கு ஆசை. யாருக்கும் சொல்லக்கூடாது என்று சொல்லியிருக்காங்க.

உன் மேல் பழி விழும் என்று அந்த நிமிஷம் தோன்றவே இல்லை. இந்த வாரம் அம்மாவிடம் சொல்லிவிடுவேன்.

யூனா


உ
முருகன் துணை

திருத்தணி
15.6.2024

என் தங்கம் யூனாவுக்குப் பெரியம்மா ஆசீர்வாதம். வேளைக்குச் சாப்பிடு.

அடிப்பாவி! முதலில் உன்னை நாலு சாத்து சாத்தவேண்டும் போல இருந்தது. அப்புறம் ஐயாவை நினைத்து அழுதேன். நம் வீட்டு மாமரத்தில் ஏறி உனக்குக் காய் பறித்துப் போட்ட மனுஷன்.

அம்மாவிடம் ஒன்றும் சொல்லாதே. கேட்கிறாயா? பழி என் தலையிலேயே கிடக்கட்டும். ஐயா படுத்திருக்கிறார், ஊரைக் காலி செய்கிற வேலை, கெஸ்ட் ஹவுஸை யாருக்காவது கைமாற்ற வேண்டும். இதில் பெற்ற மகளே தடுத்தாள் என்று தெரிந்தால் அவர்கள் மனசு என்ன ஆகும்? அவர்கள் கோபத்துக்கு நான் ஒருத்தி போதும். நான் தூரத்தில் இருக்கிறேன். நீ அவர்கள் கிளம்புகிற வரைக்கும் கூட உட்கார்ந்து சாப்பிட வேண்டியவள். ஞாயிறு தவறாமல் வீட்டுக்குப் போ. அப்பா கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்.

வேண்டாம் என்று என்னிடமாவது சொல்லியிருக்கலாம் கண்ணு. நான் கேட்டபோது ரசத்தைக் கேட்டாயே!

பெரியம்மா


உ
முருகன் துணை

திருத்தணி
31.7.2024

கிம்மம்மாவுக்கு, நீங்கள் எழுதாவிட்டாலும் பிரபாவதி எழுதுகிறாள். எல்லாரும் நலமாக இருக்க வேண்டும்.

நேற்று முன்தினம் ஆடிக் கிருத்திகை. ஊர் கொள்ளவில்லை. எங்கு பார்த்தாலும் மஞ்சள் துணியும் பூக்காவடியும் அரோகராவும்தான். ஆந்திராப் பக்கத்துச் சனம் பாதி, நம் சனம் பாதி. ஒரு வருஷம் நீங்கள் யூனாவைத் தோளில் தூக்கிக்கொண்டு இந்தக் கூட்டத்தில் வந்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? காவடிக்காரர் ஒருவர் யூனா கையில் ஒரு சாமந்திப் பூவைக் கொடுத்தார். அவள் அதை வாயில் போட்டுக்கொண்டாள். நீங்கள் அலறினீர்கள், அவர் சிரித்தார், கடைசியில் நீங்களும் சிரித்தீர்கள்.

கால் வலியோடு நானும் பூக்காவடி எடுத்தேன். வேண்டாம் என்று உதயா கத்தினான், கேட்கவில்லை. உங்கள் மூன்று பேர் பெயரும் சொல்லி அர்ச்சனை செய்தேன். எழுதிக் கொடுக்கவில்லை, வாயால்தான் சொன்னேன். ஐயா பெயரை இரண்டு முறை சொன்னேன்.

அந்தத் தாளை எழுதியதும் நான். மேஜைமேல் வைக்கச் சொன்னதும் நான். இதில் வேறு யாருக்கும் பங்கில்லை. அதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரபாவதி


ஸ்ரீபெரும்புதூர்
22.9.2024

பிரபா அக்காவுக்கு,

வணக்கம். சாப்பிட்டீங்களா? முழங்காலோடு காவடி எடுத்தீங்களே, உங்களுக்கு அறிவு இருக்கா? பாப்பா எப்படி இருக்கு? பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் ஊரில் கடல்பாசி சூப்தான் கொடுப்பாங்க. காய்ந்த பாசி அனுப்பியிருக்கேன். ரொம்ப லேட். யுவஸ்ரீயிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல்லுங்க.

ஐயா பெயரை இரண்டு முறை சொன்னீங்க. அப்போ உங்களுக்குத் தெரியும். யூனா சொல்லியிருப்பாள். அவளால் உங்களிடம் ஒன்றும் மறைக்க முடியாது. நான் எழுதாததுக்குக் காரணம், எழுதினால் உண்மை ஆகிவிடும் என்று பயம். அக்டோபர் 20 டிக்கெட் எடுத்தாச்சு. கெஸ்ட் ஹவுஸை இன்னொரு கொரியாக் குடும்பம் எடுத்துக்குது. மிளகாய் காயப்போட்ட பாயைப் பழைய பேப்பர்காரர் கேட்டார். தரலை.

அக்கா, நீங்க பொய் எழுதறீங்க. "வேறு யாருக்கும் பங்கில்லை" என்று. எனக்குத் தெரியும்.

அன்றைக்கு நான் சமையலறை வாசலில் நின்றுதான் பேரிக்காய் நறுக்கினேன். கூடம் அங்கிருந்து முழுசாகத் தெரியும், நீங்களும் அங்கேதானே நிற்பீங்க. யூனா டிராயரைத் திறந்தாள். தாளை எடுத்தாள். ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும், திருப்பி வைத்திருப்பாள். ஜுன்ஹோவைக் கட்டினால் என் பெண் எனக்குப் பக்கத்தில் இருப்பாள். சாகும்வரை ஞாயிற்றுக்கிழமை என் கையால் சாப்பிடுவாள். அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன் அக்கா. அந்த முகத்தை நான் கூட்டிக்கொண்டு போகக்கூடாது. குனிந்து பேரிக்காயை நறுக்கினேன்.

அவங்க போன பிறகு என்னால் தாங்க முடியலை. யார் மேலாவது கோபப்படணும். பெண் மேல் கோபப்பட்டால் அவள் போயிடுவாள். அவர் மேல் கோபப்பட்டால் அவர் உடம்பு தாங்காது. என்ன சொன்னாலும் என்னை விட்டுப் போகாத ஆள் நீங்க ஒருத்திதான். அதனால் உங்களைத் திட்டினேன். உங்கள் மறதி எனக்கு முதலிலேயே தெரியும். அதுக்காகத்தானே டிராயரில் வைத்தேன்.

நான் பார்த்தது யூனாவுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம்.

இனி எனக்கு இங்கே சர்ச் இல்லை, போட்டோ காட்டுகிற அம்மாக்கள் இல்லை. என் பெண் உங்கள் ஊரில் இருக்கப் போறாள். அதனால் நீங்கதான் பார்க்கணும். கொரியாக்காரனோ திருத்தணிக்காரனோ, முதலில் அவளைக் கேளுங்க. "பார்க்கலாம்" என்றால் வேண்டாம் என்று அர்த்தம். நான் முப்பது வருஷம் கழித்துக் கற்றுக்கொண்டேன், நீங்க இப்பவே கற்றுக்கோங்க.

கடையில் மஞ்சள் தாளும் சிவப்புப் பேனாவும் வாங்கினேன். நல்ல இடம் அமைந்தால் உங்கள் சாமி பாதத்தில் வைக்க அவள் பெயரை நானே எழுதி அனுப்பணும் என்று மூன்று நாள் முயற்சி பண்ணினேன். பேனாவைத் திறந்தால் கை ஓடலை. பெற்ற பெண் பெயராச்சே. தாளை மட்டும் இதோடு வைத்திருக்கேன். கீழே இடப்பக்கம் பையன் பெயருக்கு இடம், வலப்பக்கம் அவளுக்கு. அவள் பெயரை நீங்க எழுதுங்க அக்கா. உங்கள் குங்குமத்தில் எழுதுங்க. உங்கள் கையில் அது நல்ல நிறம்தான்.

உங்கள் தங்கச்சி
உன்சுக்